நான்காம் மேசை

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

நான் இங்கே சுகம். விடுதிச் சாப்பாட்டைத் தவிர எனக்கு வேறு நோய் எதுவும் இல்லை. உங்கள் முழங்கை வலி எப்படி இருக்கிறது? ஈரத் துணி மூட்டையைத் தனியாகத் தூக்காதீர்கள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். தூக்கித்தான் இருப்பீர்கள்.

ஒரு நல்ல செய்தி. ஆய்வுத் தலைப்பு முடிவாகிவிட்டது. உள்நாட்டுப் பாதுகாப்பும் பேரிடரும் என்று எங்கள் துறைக்குப் பெயர் பெரிதாக இருந்தாலும், பாதிப் பேர் தீயணைப்பு வண்டியின் வேகத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள். நான் வேறு எடுத்திருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் நம் ஊரில் வெள்ளம் வந்த அன்று அவசர அழைப்பு அறைக்கு வந்த நானூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். யார், எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், என்ன பதில் கிடைத்தது, பிறகு என்ன ஆனது.

அப்பா போன நாளைப் பற்றி ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். அதனால்தான் எடுத்தேன்.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியருக்குக் 'காற்புள்ளி' என்று பட்டப்பெயர், வாக்கியத்தை முடிக்கவே மாட்டார். "நல்ல தலைப்புதான், ஆனா அந்த ரூம்ல வேலை பார்த்தவங்க யாரையாவது, அதாவது உள்ளேயிருந்து, நீங்க வந்து..." என்று இழுத்தார். நான் உடனே, "எங்க அத்தை அங்கதான் சார் இருந்தாங்க" என்றேன். மனிதர் முதல் முறையாக முற்றுப்புள்ளி வைத்தார்.

எனவே, அத்தை, சொல்லுங்கள். அந்த அறை எப்படி இருக்கும்? எத்தனை பேர்? ஒரு அழைப்பு எப்போது 'கைவிடப்பட்டது' என்று பதிவாகும்? போன் இருந்தால் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடுவேன். வாங்கித் தருகிறேன் என்றாலும் நீங்கள்தான் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள்.

உங்கள்
வாயாடி


ஜூன் 20

அன்பு வாயாடிக்கு,

முழங்கை இருந்த இடத்தில் இருக்கிறது. மூட்டையைத் தூக்கினேன்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு வருகிறது, அதற்கென்று யாரும் வந்து கைகொடுக்கப் போவதில்லை. நீ நேரத்துக்குத் தூங்கு.

கேட்டதற்குப் பதில். அறை சின்னது, ஜன்னல் கிடையாது. ஆறு மேசை, இரண்டு வரிசை. அழைப்பு வந்தால் எல்லா மேசையிலும் மணி அடிக்கும், யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் எடுக்க வேண்டும். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தால் அடித்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்டவரே வைத்துவிட்டால் அது 'கைவிடப்பட்டது'. எதிர்முனையில் முப்பது விநாடி பேச்சு இல்லையென்றால் துண்டித்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும் என்று விதி. மூன்று கேள்வி கேட்போம்: எங்கே இருக்கீங்க, எத்தனை பேர், பேர் என்ன. இந்த வரிசையில்தான்.

அன்றைக்கு நான் மேசையில் இல்லை. உனக்குத்தான் தெரியுமே, அந்த வாரம் என்னைக் கோப்பு அறைக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் அந்த நாளைப் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை.

நிலநடுக்கம் நல்ல தலைப்பு இல்லையா? காட்டுத் தீ?

உன் அத்தை


ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? நான் நலம், கண் மட்டும் எரிகிறது. பட்டியலைப் பார்த்துப் பார்த்து எல்லா எண்ணும் எறும்பாக ஊர்கிறது.

காட்டுத் தீ வேண்டாம். எனக்குத் தண்ணீர்தான்.

முதல் கட்டமாக வெறும் நேரப் பட்டியல் தந்திருக்கிறார்கள். ஒலிப்பதிவும், கூப்பிட்டவர்களின் எண்களும் அனுமதிக் குழு கூடிய பிறகுதான். இந்தப் பட்டியலிலேயே ஒன்று என் கண்ணில் பட்டுவிட்டது. ஆறு மேசையில் அன்று நான்கில்தான் ஆள். ஐந்தும் ஆறும் காலி. அந்த நான்கு பேரும் சராசரியாக ஓர் அழைப்பை ஒன்றேகால் நிமிடத்தில் முடிக்கிறார்கள், எந்திரம் மாதிரி. ஆனால் மதியம் இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு நான்காம் மேசை ஓர் அழைப்பை எடுக்கிறது. முடிவது இரண்டு இருபத்தைந்துக்கு. பத்தொன்பது நிமிடம்! அதில் கடைசிப் பதினொரு நிமிடம் எதிர்முனையில் பேச்சே இல்லை என்று குறிப்பு சொல்கிறது. அந்த நேரத்துக்குள் ஆறு அழைப்புகள் யாரும் எடுக்காமல் போயிருக்கின்றன.

காற்புள்ளி குதூகலமாகிவிட்டார். "இதுதாம்மா உங்க ஆய்வோட மையம், ஒரு தனி மனுஷத் தப்பு எப்படி மொத்த அமைப்பையும்..." என்றார். 'பத்தொன்பது நிமிடப் பிழை' என்று அத்தியாயத்துக்குத் தலைப்பும் அவரே வைத்துவிட்டார்.

நான்காம் மேசையில் அன்று யார் இருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? அவர்களைப் பார்த்துப் பேச வேண்டும்.

உங்கள்
வாயாடி


ஆகஸ்ட் 4

அன்பு வாயாடிக்கு,

நலம். கண்ணுக்குக் குளிர்ந்த நீர் ஒற்று.

மேசை எண்ணெல்லாம் நினைவில்லை. ஏழு வருடம் ஆகிறது.

இங்கே புதிதாகப் பெரிய எந்திரம் ஒன்று வந்திருக்கிறது. அது சுழலும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் எனக்கு அதன் அருகில்தான் வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நின்ற பிறகு மட்டும் கொஞ்ச நேரம் சங்கடமாக இருக்கிறது. யாரோ பாதிப் பேச்சில் நிறுத்தினதுபோல.

உன் அத்தை


ஆகஸ்ட் 27

அன்புள்ள அத்தைக்கு,

நலமென்று நம்புகிறேன். நான் நலமா என்று தெரியவில்லை.

ஒலிப்பதிவு வந்துவிட்டது. ஆய்வகத்தில் ஒரு சின்ன அறை, கதவில் 'உள்ளே கேட்கிறார்கள், தட்டாதீர்கள்' என்று சீட்டு. மூன்று நாளாக அதற்குள் இருக்கிறேன். சிலர் கத்துகிறார்கள். சிலர் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள், தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்றுகூட ஒருவர் சொன்னார். அறைக்கு வந்து படுத்தாலும் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துக் கட்டில் தோழி நேற்று என்னை உலுக்கி, "தூக்கத்துல யார்கிட்டயோ 'எங்க இருக்கீங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கே, பயமா இருக்குடி" என்றாள்.

பத்தொன்பது நிமிட அழைப்பைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இன்றைக்குக் கேட்டேன்.

ஒரு பெண். தையல் கடை, மாடிப்படிக்குக் கீழே, கதவு திறக்கவில்லை, தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மேசைக்காரர் எங்கே என்று கேட்கிறார், எத்தனை பேர் என்று கேட்கிறார், பெயரைக் கேட்கவில்லை. தையல் மேசை மேல் ஏறச் சொல்கிறார். போனை மேலே பலகையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்கிறார். எட்டாவது நிமிடத்தில் அந்தப் பெண்ணின் குரல் நின்றுவிடுகிறது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

மேசைக்காரர் வைக்கவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறார்.

"நான் பேசுறது உங்களுக்குக் கேக்குது, எனக்குத் தெரியும். பதில் சொல்ல வேணாம், மூச்சை மட்டும் விடுங்க. எங்க வீட்டுல ஒரு வாயாடி இருக்கா. பள்ளிக்கூடப் பாவாடை ஓரத்தை வாரத்துக்கு ஒரு தடவை கிழிச்சுட்டு வருவா. எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. தண்ணி வடிஞ்சதும் அத்தனையும் உங்க கடைக்குத்தான் கொண்டு வரப்போறேன், நீங்கதான் தைச்சுத் தரணும்."

பதினொரு நிமிடம், அத்தை. என் பாவாடையைப் பற்றி, நான் படியில் உருண்டதைப் பற்றி, அப்பா பாடினால் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படுவதைப் பற்றி.

நீங்கள் கோப்பு அறையில் இல்லை.

வாயாடி


செப்டம்பர் 24

அத்தைக்கு,

சுகமா? பதில் வரவில்லை. தபால்காரரை மூன்று நாளாக வாசலிலேயே மடக்கிக் கேட்கிறேன், அவர் என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

நான் கோபமாக இல்லை. ஏன் மறைத்தீர்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும். அதையும் இப்போது சொல்ல முடியாதென்றால் முழங்கை எப்படி இருக்கிறது என்றாவது எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


அக்டோபர் 3

அன்பு வாயாடிக்கு,

முழங்கை பரவாயில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், ஒன்றும் ஆகவில்லை. நீ பயப்படாதே.

ஆமாம், நான்தான்.

விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. "முப்பது விநாடி விதி உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" தெரியும் என்றேன். "அப்புறம் ஏம்மா வைக்கல?" என்றார் ஒருவர். அவர் கெட்ட மனிதர் இல்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வேலையை நானே விட்டேன். உன்னைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். நீ பதினைந்து வயதுப் பிள்ளை, அப்பாவை இழந்து நின்றாய். உன்னிடம் போய், ஒரு பெண் சாகிறவரை நான் அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

இறந்தவர் பட்டியலை நான் பார்க்கவே இல்லை. பார்த்தும் பயனில்லை, பேரைக் கேட்கவில்லையே. மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டேன். அத்தனை வருட வேலையில் அந்த ஒரு தடவைதான் விட்டேன்.

போன் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று கேட்பாயே, எடுத்தால் அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கிறது. யார் பேசினாலும். உன் விடுதியிலிருந்து நீ ஒரு முறை பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டபோதும் அதுதான் கேட்டது. அதற்குப் பிறகுதான் கடிதம் எழுதச் சொன்னேன்.

உன் பேராசிரியர் பிழை என்று எழுதினால் எழுதட்டும். அவர் சொல்வது சரிதான்.

உன் அத்தை


அக்டோபர் 22

அன்புள்ள அத்தைக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

போன வாரம் நம் பழைய ஊருக்குப் போனேன். பதிவில் அந்தப் பெண் சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடினேன். துணிக்கடை, மாடிப்படி, படிக்குக் கீழே சின்னக் கதவு. கதவு புதிது. உள்ளே தையல் எந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. வேறு யாரோ வாடகைக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. "என்ன தைக்கணும்?" என்றார். வெள்ளத்தைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றதும் குண்டூசியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

அத்தை, அவர் உயிரோடு இருக்கிறார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு. குளிர்ல தாடை இறுகிப்போச்சு, வாயைத் திறக்க முடியல. கண்ணு சொருகுது. ஆனா போன்ல அந்தம்மா விடவே இல்ல. பாவாடை, பாவாடைன்னு ஒரே பேச்சு. இந்தம்மாவுக்கு நேரங்காலமே தெரியாதான்னு எனக்குக் கோவம் வந்துச்சு. அந்தக் கோவத்துலதான் முழிச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் போன் நனைஞ்சு நின்னுபோச்சு. கொஞ்ச நேரத்துல மேல இருந்து கதவை உடைச்சாங்க." பிறகு என்னைப் பார்த்து, "அந்தம்மா யாருன்னு தெரியுமா? ரெண்டு தடவை அந்த ஆபீசுக்குப் போய்க் கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க" என்றார். நான் உங்கள் அனுமதி இல்லாமல் சொல்லவில்லை.

செத்துப்போனார் என்று நீங்கள் ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவர் அங்கே ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. இதை எழுதாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நமக்குள் இனி மறைப்பு வேண்டாம். அனுமதிக் குழு எண்களையும் தந்துவிட்டது. எடுக்கப்படாத ஆறு அழைப்புகளில் நான்காவது, இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு வந்தது. நாற்பத்தெட்டு விநாடி அடித்திருக்கிறது. அது நம் வீட்டு எண்.

அப்பா கூப்பிட்டிருக்கிறார். காலில் மாவுக்கட்டோடு. மதியமே எல்லா லைனும் அறுந்துவிட்டது, யாரும் கூப்பிட்டிருக்க முடியாது என்று நீங்கள் அன்று சொன்னது உங்களுக்குத் தெரிந்த அளவில்தான் என்று எனக்குப் புரிகிறது. நான்கு மேசையும் பேச்சில் இருந்தன. யார் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அத்தை. உங்களுக்குத் தெரியாதுதானே?

உங்கள்
வாயாடி


நவம்பர் 26

அன்பு வாயாடிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

தையல்காரம்மா செய்தியைப் படித்துவிட்டுச் சலவைக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மேற்பார்வையாளர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து விடுப்புக் கொடுத்தார். இல்லை சார், பொழைச்சுட்டாங்க என்றேன். அதற்கும் விடுப்புக் கொடுத்தார்.

உன் கடைசிக் கேள்விக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். 'தெரியாது' என்று ஒரு சொல் எழுதினால் முடிந்துவிடும். நீயும் அதைத்தான் எதிர்பார்க்கிறாய்.

தெரியும்.

காத்திருக்கும் எண்கள் திரையின் ஓரத்தில் வரிசையாக வரும். நம் வீட்டு எண் வந்தது. பார்த்தேன். நீ பள்ளியில் இருந்தாய், பள்ளி மேட்டில் இருந்தது. அப்படியானால் அண்ணன்தான். கட்டுப் போட்ட காலோடு தாழ்வில் இருக்கிற நம் வீட்டில் தனியாக இருக்கிறான் என்பதும் தெரியும். தையல்காரம்மா பேச்சை நிறுத்தி மூன்று நிமிடம் ஆகியிருந்தது. விதிப்படி நான் எப்போதோ துண்டித்திருக்க வேண்டும். ஒரு பொத்தான். என் விரல் அதன் மேல்தான் இருந்தது.

அழுத்தவில்லை. நாற்பத்தெட்டு விநாடியும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உன் பாவாடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு அது திரையிலிருந்து போய்விட்டது.

வேறு மேசை எடுக்கும் என்று நினைத்தேன், அவனே மறுபடி கூப்பிடுவான் என்று நினைத்தேன் என்றெல்லாம் சொல்லலாம். அதுவல்ல. நான் வைத்தால் அந்தப் பெண் செத்துவிடுவாள் என்று தோன்றியது. அண்ணன் சாவான் என்று தோன்றவே இல்லை. நம் வீட்டு ஆள் சாவான் என்று எப்படித் தோன்றும்?

மறைத்தது இதைத்தான். மற்றதெல்லாம் இதை மூடப் போட்ட துணி.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அத்தை


பிப்ரவரி 6

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு மாதத்துக்கு மேல் நான் எழுதவில்லை. வேலை அதிகம் என்று சொல்லப் போவதில்லை. கோபம்தான். எதிரில் யார் வந்தாலும் எரிந்து விழுந்தேன், தோழி வேறு அறைக்கு மாறிவிட்டாள். உங்களை என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்தால், அந்தப் பதினொரு நிமிடம் காதில் ஓட ஆரம்பித்துவிடும். என்னைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தீர்கள். அதைக் கேட்டுக்கொண்டே எப்படித் திட்டுவது?

போன வாரம் வாய்மொழித் தேர்வு முடிந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "அந்த மேசைக்காரர் என்ன செஞ்சிருக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நான் கொண்டுபோன தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். காற்புள்ளி வேர்த்துப்போய்விட்டார். கடைசியில், "அவங்க செஞ்சதைத்தான் சார். செஞ்சிருக்க வேண்டியது ஐந்தாம் மேசையும் ஆறாம் மேசையும். அங்க ஆளே இல்ல" என்றேன். இரண்டு வருடமாக அந்த இரண்டு இடமும் நிரப்பப்படாமல் இருந்ததற்கான தாள்களை வைத்தேன். அத்தியாயத்தின் பெயரை 'காலி மேசைகள்' என்று மாற்றினேன்.

தையல்காரம்மாவை மறுபடி பார்த்தேன். நீங்கள் யார் என்று சொல்லலாமா என்று இன்னும் நீங்கள் எழுதவில்லை, அதனால் சொல்லவில்லை. அவர் திடீரென்று, "என்கூட அவ்வளவு நேரம் பேசிட்டு இருந்தாங்களே, அந்த நேரத்துல வேற யாருக்காவது லைன் கிடைக்காமப் போயிருக்குமா கண்ணு?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். சொல்லும்போது முகம்கூட மாறவில்லை. உங்களைப் போலவே சொன்னேன். அப்போதுதான் என் கோபம் போயிற்று. போயிற்று என்று சொல்ல முடியாது, எங்கோ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அப்பாவின் அழைப்புக்குப் பதிவு இல்லை. எடுக்காத அழைப்பு பதிவாகாது. அதனால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஆளுக்கொரு விதமாக நாம் கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.

ஒரே ஒரு விஷயம். மீட்புப் படகுகளின் குறிப்பேடும் எனக்குக் கிடைத்தது. இரண்டு படகு. இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு அவை எந்தத் தெருவில் இருந்தன என்று எனக்குத் தெரியும். ஆய்வில் அதைச் சேர்க்கவில்லை. நீங்கள் கேட்டால் மறைக்க மாட்டேன். கேட்க வேண்டாம் என்று ஆசைப்படுகிறேன்.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 17

அன்பு வாயாடிக்கு,

தேர்வில் ஜெயித்ததற்குச் சந்தோஷம். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கைக்கு இங்கே ஒரு தாதி எண்ணெய் தேய்த்து விடுகிறாள், கேட்கிறது.

தையல்காரம்மாவிடம் நான் யார் என்று சொல்லிவிடு. அண்ணனைப் பற்றிச் சொல்லாதே. நீ சொன்ன பொய் நல்ல பொய், அவருக்கு அது இருக்கட்டும்.

எனக்குப் பொய் வேண்டாம். படகு எங்கே இருந்தது என்று கேட்கிறேன்.

கடிதத்தில் எழுதாதே. நீ வா. இரண்டு வண்டி மாறி வர வேண்டியிருக்கும், பரவாயில்லை, வா. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து உன் வாயால் சொல். நடுவில் நான் பேச்சில்லாமல் போனாலும் நிறுத்தாமல் சொல்லி முடி. நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

உன் அத்தை